மெர்த்தர்: சம்பளமும் வாக்குச்சீட்டும் எழுதிய ஒரு கால்பந்து வரலாறு

1987 செப்டம்பர் 16ஆம் தேதி, தெற்கு வேல்ஸில் உள்ள மெர்த்தர் டிட்வில் என்ற ஊரின் கால்பந்து அணி, இத்தாலியிலிருந்து வந்த அட்டலான்டாவை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. அட்டலான்டா முழுநேரத் தொழில்முறை அணி. மெர்த்தர்காரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். அவர்கள் அப்போது ஆடிக்கொண்டிருந்த லீக், இங்கிலாந்துக் கால்பந்தின் வரிசையில் மேலிருந்து எண்ணினால் ஏழாவது படியில் இருந்தது.

அந்த ஆட்டத்தின் முடிவைவிட, அப்படி ஓர் ஆட்டம் நடந்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1985ல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் கிளப்பிய கலவரத்தில் 39 பேர் இறந்த பிறகு, இங்கிலாந்து கிளப்கள் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடக் கூடாது என்று தடை வந்தது. லிவர்பூலும் எவர்ட்டனும்கூட வெளியே நின்ற காலம் அது. இங்கிலாந்து லீகிலேயே ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊர் கிளப் மட்டும் எப்படி உள்ளே போனது? ஐரோப்பாவில் ஆடும் தகுதி இருந்த கிளப் எதற்காக ஏழாவது படியில் கிடந்தது?

இதற்குப் பதில் தேடப் போனால் ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. நல்ல ஆட்டக்காரர்கள் இந்த ஊருக்கு எல்லாக் காலத்திலும் கிடைத்திருக்கிறார்கள். ஆனால் கிளப்பின் ஏற்ற இறக்கத்தை அதிகம் தீர்மானித்தவை வேறு: ஊரில் சம்பளம் புழங்கியதா, லண்டனில் நடந்த கூட்டங்களில் யாருக்கு வாக்கு விழுந்தது, இரண்டு நாட்டுக் கால்பந்து சங்கங்கள் எங்கே கோடு போட்டன.

மெர்த்தர் இரும்பால் பிறந்த ஊர். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் டவ்லைஸ், பிளிமத், கவார்த்வா, பெனிடாரன் என்று நான்கு பெரிய இரும்பாலைகள் இங்கே எழுந்தன. 1801ல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே வேல்ஸின் மிகப் பெரிய ஊர் இதுதான். மக்கள் 7,705 பேர். 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் டிரெவிதிக் செய்த நீராவி எஞ்சின், தண்டவாளத்தின் மேல் சுமையை இழுத்துக்கொண்டு கிளம்பியது பெனிடாரன் இரும்பாலையிலிருந்துதான். 1831ல் கூலிக் குறைப்புக்கும் கடன் வசூலுக்கும் எதிராகத் தொழிலாளர்கள் எழுந்தபோது ராணுவம் வந்து சுட்டது. டிக் பெண்டரின் என்ற இளைஞரைத் தூக்கிலிட்டார்கள். 1900ல் தொழிலாளர் இயக்கத் தலைவர் கியர் ஹார்டியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதும் இதே ஊர்.

இரும்புக்குப் பின்னால் நிலக்கரி வந்தது. வேலை தேடி அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டவ்லைஸுக்கு ஸ்பெயினிலிருந்துகூட வந்தார்கள். 1911ல் ஊரின் மக்கள்தொகை 80,000ஐத் தாண்டியது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து கையில் கொஞ்சம் காசோடு நிற்கும் ஆயிரக்கணக்கான ஆண்கள் இருக்கும் ஊரில் விளையாட்டை வைத்துப் பிழைப்பு நடத்தலாம் என்று பலர் கணக்குப் போட்டார்கள். தெற்கு வேல்ஸ் என்றால் ரக்பி என்று நாம் நினைக்கிறோம். அந்த நினைப்பு முழுக்கச் சரியில்லை. பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் ரக்பி லீக் அணி ஒன்று 1907ல் மெர்த்தரில் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் அது மூடப்பட்டது. அந்த இடைவெளியில் கால்பந்து உள்ளே வந்தது.

மெர்த்தர் டவுன் கிளப் 1909ல் சதர்ன் லீகில் சேர்ந்தது. அந்த லீக் பெயருக்குத்தான் தென் இங்கிலாந்து லீக். இரண்டாம் பிரிவை எடுத்துப் பார்த்தால் அபர்டேர், டன் பென்ட்ரி, ட்ரெஹாரிஸ், கார்டிஃப் என்று தெற்கு வேல்ஸின் அணிகளே வரிசை கட்டி நிற்கும். மெர்த்தரின் மைதானம் பெனிடாரன் பார்க். இரும்பாலை முதலாளியின் மாளிகை இருந்த வளாகம் அது. மண்ணுக்கு அடியில் ரோமானியக் கோட்டை ஒன்றின் எச்சங்கள் இருக்கின்றன. இன்றைக்கும் அந்த இடத்தில்தான் ஆடுகிறார்கள்.

1920ல் பெரிய மாற்றம் வந்தது. சதர்ன் லீகின் முதல் பிரிவு அணிகளை அப்படியே அள்ளி, ஃபுட்பால் லீக் தன் மூன்றாம் பிரிவை உருவாக்கியது. அதில் மெர்த்தரும் இருந்தது. நாட்டின் மிக உயர்ந்த தொழில்முறை அமைப்புக்குள், ஒரு மலைப்பள்ளத்தாக்கு ஊரின் அணி நுழைந்துவிட்டது. நேரம்தான் கெட்டது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு வந்த நிலக்கரிச் செழிப்பு 1921லேயே வடிந்துவிட்டது. 1926ல் சுரங்க முதலாளிகள் கதவை அடைத்தார்கள். மாதக்கணக்கில் பள்ளத்தாக்குகளில் சம்பளமே இல்லை. டிக்கெட் காசை நம்பி நடந்த கிளப்புக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தலையெடுத்தால் அடுத்த பருவத்துக்குள் அவனை விற்று வாடகை கட்ட வேண்டும். 1922 செப்டம்பரிலிருந்து 1925 செப்டம்பர் வரை, தொடர்ந்து 61 வெளியூர் ஆட்டங்களில் மெர்த்தர் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அந்தச் சாதனைப் பட்டியலில் இன்றும் அதன் பெயர்தான் முதலில் நிற்கிறது.

இந்த ஊரில் திறமைக்குப் பஞ்சம் இல்லை என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும். 1938ல் ஆர்சனல் 14,000 பவுண்டு கொடுத்து வாங்கிய பிரின் ஜோன்ஸ் மெர்த்தர் பையன். அந்த நேரத்தில் பிரிட்டனில் அதைவிடப் பெரிய தொகைக்கு யாரும் விலை போனதில்லை. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது வுல்வர்ஹாம்டன் கிளப்புக்கு. சொந்த ஊர் கிளப் அதற்குள் செத்துப்போயிருந்தது.

எப்படிச் செத்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இந்த வரலாற்றின் முக்கியமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஃபுட்பால் லீகிலிருந்து கீழே இறங்கவும் உள்ளே ஏறவும் அப்போது தானாக நடக்கும் முறை கிடையாது. கடைசி இடங்களில் முடித்த அணிகள் மறுதேர்தலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் மற்ற கிளப்கள் வாக்களிக்கும். முதல் இரண்டு பிரிவுகளில் இருந்த 44 கிளப்களுக்குத் தலைக்கு ஒரு வாக்கு. மூன்றாம் பிரிவுக் கிளப்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் வாக்கு. ஆக, ஒரு சின்ன கிளப்பின் தலையெழுத்தை அதோடு ஒருபோதும் மோதாத பெரிய கிளப்கள் எழுதின. ஆட்டத் தரம் மட்டுமா அவர்கள் கண்ணில் பட்டது? எந்த ஊருக்கு ரயில் ஏறிப் போவது சுலபம், எந்த ஊரில் கூட்டம் வரும், எந்த ஊரில் பணம் இருக்கிறது என்பதெல்லாம் பட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கின் அபர்டேரை 1927ல் இப்படித்தான் வெளியேற்றினார்கள்.

1929-30 பருவத்தில் மெர்த்தர் கடைசி இடத்தில் முடித்தது. 42 ஆட்டங்களில் 135 கோல் வாங்கியிருந்தது. வாக்கெடுப்பில் தோற்றது. டவ்லைஸ் எஃகாலையின் பெரும்பகுதி மூடப்பட்டதும் அதே 1930ல்தான். இந்த இரண்டையும் நான் ஒரே செய்தியாகத்தான் படிக்கிறேன்.

மெர்த்தரின் இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிழக்கு லண்டனின் தேம்ஸ் என்ற புதுக் கிளப். லட்சம் பேருக்கு மேல் உட்காரவும் நிற்கவும் இடமுள்ள பிரம்மாண்ட அரங்கம் அவர்களுடையது. 1930 டிசம்பரில் லூட்டன் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு அங்கே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 469 பேர். இரண்டே பருவத்தில் தேம்ஸ் லீகை விட்டுப் போய் மறைந்தது. தலைநகரில் பெரிய அரங்கம் இருந்தால் கூட்டம் தானாக வரும் என்று நம்பி, பசியோடு இருந்தாலும் கால்பந்தை விடாத ஓர் ஊரைக் கழற்றிவிட்டார்கள். அந்த முடிவை இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மெர்த்தர் டவுன் சதர்ன் லீகுக்குத் திரும்பி நான்கு ஆண்டுகள் தள்ளாடியது. 1934ல் மூடிவிட்டார்கள். ஊரே அப்போது மூடும் நிலையில் இருந்தது. வேலைக்குரிய ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கானோர் இங்கிலாந்தின் கார் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். 1936 நவம்பரில் மன்னர் எட்டாம் எட்வர்ட் டவ்லைஸ் வந்து, பாழடைந்த ஆலையைப் பார்த்து ஏதாவது செய்தாக வேண்டும் என்றார். அடுத்த மாதமே அவர் முடி துறந்துவிட்டார். ஊர் மக்களை மொத்தமாக வேறு இடத்துக்குக் குடியேற்றிவிடலாம் என்ற யோசனைகூட 1930களின் இறுதியில் அறிக்கையாக வந்தது.

இரண்டாம் உலகப் போர் கணக்கை மாற்றியது. 1945ல் மெர்த்தர் டிட்வில் என்ற பெயரில் புதுக் கிளப் பிறந்தது. 1947ல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1948ல் பென்ட்ரிபாக்கில் ஹூவரின் துணி துவைக்கும் இயந்திரத் தொழிற்சாலை திறந்தது. ஊரில் மறுபடி சம்பளக் கவர்கள் புழங்கின. பெனிடாரன் பார்க்கில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பிரிட்டன் முழுக்கவே மைதானங்களுக்கு மக்கள் வெள்ளமாகப் போன காலம் அது: 1948-49ல் ஃபுட்பால் லீக் ஆட்டங்களுக்கு மட்டும் 4 கோடிக்கும் மேல் டிக்கெட்டுகள் விற்றன.

ஆல்பர்ட் லிண்டன் மேனேஜராக இருந்து கட்டிய அணி, ஃபுட்பால் லீகுக்கு வெளியே தெற்கு வேல்ஸ் கண்ட மிகச் சிறந்த அணி என்று தயங்காமல் சொல்லலாம். 1948, 1950, 1951, 1952, 1954 என ஏழு பருவங்களில் ஐந்து முறை சதர்ன் லீக் சாம்பியன். வேல்ஸ் கால்பந்து சங்கம் நடத்தும் வெல்ஷ் கோப்பையின் 1949 இறுதியில் ஸ்வான்சியை 2-0 என்று வென்றார்கள். 1951 இறுதியில் கார்டிஃப் சிட்டியோடு 1-1 என்று டிரா செய்து, மறு ஆட்டத்தில் 3-2 என்று கோப்பையை எடுத்தார்கள். ஸ்வான்சி, கார்டிஃப் இரண்டுமே ஃபுட்பால் லீக் அணிகள். தரத்தில் மெர்த்தர் எங்கே நின்றது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

அப்புறம் ஏன் திரும்ப உள்ளே போகவில்லை? 1950ல் ஃபுட்பால் லீக் நான்கு புதுக் கிளப்களைச் சேர்த்துக்கொண்டது. தெற்கிலிருந்து எடுத்த இரண்டு, கொல்செஸ்டரும் கில்லிங்ஹாமும். அந்தப் பருவத்தில் சதர்ன் லீகின் சாம்பியன் மெர்த்தர். கொல்செஸ்டர் இரண்டாவது, கில்லிங்ஹாம் அதற்கும் கீழே. முதல் இடத்தில் வந்த அணியை வாசலில் நிறுத்திவிட்டு, பின்னால் வந்த இரண்டையும் உள்ளே கூப்பிட்டார்கள். களத்தில் ஜெயிப்பவன் மேலே போவான் என்ற எளிய விதி அன்றைய பிரிட்டிஷ் கால்பந்தில் இல்லை. அது வருவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டிலிருந்துதான் லீகின் கடைசி அணி தானாக இறங்கி, கீழ்நிலைச் சாம்பியன் ஏறும் முறை நடைமுறைக்கு வந்தது. மெர்த்தரின் பொற்கால அணிக்கு அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதம்.

அந்தப் பொற்காலத்துக்குப் பிறகு வந்த 30 ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொலைக்காட்சி வந்தது, கார் வந்தது. சனிக்கிழமை மதியத்துக்குப் போட்டி அதிகமாயிற்று. எல்லாச் சின்ன ஊர் கிளப்களைப் போல மெர்த்தரும் மெலிந்தது. 1966 அக்டோபர் 21 அன்று, இதே நகராட்சிக்கு உட்பட்ட அபர்வான் கிராமத்தில் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அந்த ஆண்டுகளில் இந்த ஊர் எதைச் சுமந்துகொண்டிருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, கால்பந்து மைதானத்தில் கூட்டம் குறைந்த கணக்கை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

1972ல் ஜான் சார்ல்ஸ் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் வந்து சேர்ந்தார். 1957ல் ஜுவென்டஸ் 65,000 பவுண்டு கொடுத்து வாங்கிய அதே சார்ல்ஸ். இத்தாலியில் மூன்று லீக் பட்டங்கள் வென்று, இன்றும் அங்கே கொண்டாடப்படுபவர். நாற்பது வயதுக்கு மேல் பெனிடாரன் பார்க்கின் சேற்றில் இறங்கி ஆடினார். அன்றைக்கு ஆட்டக்காரர்களுக்கு ஓய்வுக்காலப் பணம் என்று பெரிதாக எதுவும் இல்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆனாலும் அவரைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அது வாழ்நாள் நினைவு.

இனி 1987க்கு வருவோம். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டின் கோப்பையையும் வென்ற அணிகள் தங்களுக்குள் மோதும் கோப்பை வென்றோர் கோப்பை என்ற போட்டி அப்போது நடந்துகொண்டிருந்தது. வேல்ஸுக்குத் தனிக் கால்பந்து சங்கம் 1876லிருந்தே உண்டு. எனவே வெல்ஷ் கோப்பைக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. தேசிய லீக் என்று ஒன்று இல்லாத நாட்டுக்கு ஐரோப்பாவுக்குப் போக இருந்த கதவு அந்த ஒரு கோப்பைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஷ்ரூஸ்பரி போன்ற ஆங்கிலேய அணிகளும் வெல்ஷ் கோப்பையில் ஆடலாம், வெல்லலாம். ஆனால் வென்றாலும் ஐரோப்பா போவது இறுதியில் தோற்ற வெல்ஷ் அணிதான்.

அந்தக் கதவு வழியாகச் சின்ன ஊர்கள் எவ்வளவு தூரம் போயின என்று பாருங்கள். 1962ல் பாங்கர் சிட்டி, நாப்போலியைச் சொந்த மண்ணில் 2-0 என்று வென்று, அங்கே 1-3 என்று தோற்றது. மொத்தக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணி மேலே போகும் என்ற வெளியூர் கோல் விதி இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அது அன்றைக்கு இருந்திருந்தால் பாங்கர் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். விதி இல்லாததால் லண்டனில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள். அதில் 1-2 என்று போனது. 1981ல் நியூபோர்ட் கவுன்ட்டி காலிறுதி வரை போய், கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜேனாவிடம் நூலிழையில் விழுந்தது. 1984ல் ரெக்ஸம், போர்ட்டோவை வெளியேற்றியது.

1987 வெல்ஷ் கோப்பை இறுதியில் மெர்த்தர் அதே நியூபோர்ட்டோடு 2-2 என்று டிரா செய்து, மறு ஆட்டத்தில் 1-0 என்று வென்றது. ஹெய்சல் தடை விதிக்கப்பட்டது இங்கிலாந்துச் சங்கத்தின் கிளப்களுக்கு. மெர்த்தர் ஆடும் லீக் இங்கிலாந்தினுடையது என்றாலும், ஐரோப்பாவுக்கு அதை அனுப்பியது வேல்ஸ் சங்கம். ஆகவே தடை அதைத் தொடவில்லை. மறுபக்கம் அட்டலான்டாவும் விசித்திரமான நிலையில்தான் வந்தது. இத்தாலியக் கோப்பை இறுதியில் நாப்போலியிடம் தோற்றிருந்தது. நாப்போலி லீக் பட்டமும் வென்று வேறு போட்டிக்குப் போனதால் இந்த இடம் அட்டலான்டாவுக்குக் கிடைத்தது. அதே பருவத்தில் அது இத்தாலியின் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியிருந்தது.

லின் ஜோன்ஸ் மேனேஜராக இருந்த மெர்த்தருக்கு கெவின் ரோஜர்ஸும் கெரி வில்லியம்ஸும் கோல் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து பெர்கமோவில் அட்டலான்டா 2-0 என்று வென்றது. மொத்தக் கணக்கில் 3-2. அதே அட்டலான்டா அந்தப் போட்டியில் அரையிறுதி வரை போனது. கடைசியில் கோப்பையைத் தூக்கிய பெல்ஜியத்தின் மெக்கெலென்தான் அதை நிறுத்தியது. 2024ல் யூரோப்பா லீகை வென்ற அட்டலான்டாவின் ஐரோப்பிய வரலாற்றில், மெர்த்தரில் வாங்கிய தோல்வி ஒரு வரியாக இன்றும் இருக்கிறது.

அந்த வேகம் சில ஆண்டுகள் நீடித்தது. அடுத்த இரண்டு பருவங்களில் இரண்டு படி ஏறி, 1989ல் கான்ஃபரன்ஸ் என்ற ஐந்தாம் நிலைக்கு வந்தார்கள். 1991-92ல் நான்காம் இடம். முன்பு இல்லாத ஏணி இப்போது இருந்தது. ஃபுட்பால் லீகுக்கு இன்னும் ஒரே ஒரு படி.

அந்த நேரத்தில் வேல்ஸ் சங்கம் ஒரு கோடு போட்டது. உலகக் கால்பந்தின் ஆட்ட விதிகளை வகுக்கும் வாரியத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, வேல்ஸ் நான்குக்கும் தனித்தனி வாக்கு உண்டு. ஃபிஃபா மொத்தத்துக்கும் நான்கு வாக்குதான். இந்தச் சலுகை மற்ற நாடுகளின் கண்ணை உறுத்தியது. தனக்கென்று ஒரு தேசிய லீக்கூட இல்லாத வேல்ஸ் எப்படித் தனி நாடாக எண்ணப்படலாம் என்ற கேள்வி எழும் முன்னே, சங்கத்தின் செயலாளர் ஆலன் எவன்ஸ் 1992ல் லீக் ஆஃப் வேல்ஸைத் தொடங்கினார். நாட்டில் உள்ள கிளப்கள் அதற்கு வர வேண்டும் என்பது உத்தரவு. எட்டுக் கிளப்கள் மறுத்தன: பாங்கர் சிட்டி, பாரி, கர்னார்வன், கோல்வின் பே, மெர்த்தர், நியூபோர்ட், நியூடவுன், ரில். பத்திரிகைகள் இவற்றைக் கோபக்கார எட்டு என்றன.

உத்தரவுக்குப் பணியாதவர்கள் வேல்ஸ் மண்ணில் சொந்த ஆட்டம் நடத்தக் கூடாது என்றது சங்கம். நியூபோர்ட் எல்லை தாண்டி குளோஸ்டரில் ஆடியது. கோல்வின் பேயும் கர்னார்வனும் வடமேற்கு இங்கிலாந்தில் மைதானம் தேடின. வழக்கு நடந்து, 1995ல்தான் நீதிமன்றம் அவர்களைச் சொந்த ஊருக்குத் திரும்ப விட்டது. கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம் ஏற்கெனவே ஃபுட்பால் லீகில் இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. கான்ஃபரன்ஸில் இருந்த மெர்த்தரையும் இங்கிலாந்து அமைப்பில் தொடர விட்டார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். தேசிய லீக் இல்லாமல் தேசிய அணியைக் காப்பாற்றுவது கடினம் என்ற சங்கத்தின் பயம் பொய்யானதில்லை. ஃபுட்பால் லீகுக்கு ஒரு படி கீழே நின்ற மெர்த்தர், சில நூறு பேர் பார்க்கும் புது லீகுக்கு இறங்கிப் போகச் சம்மதிக்காததும் சரியே. ஆனால் ஊர் கிளப்களை மண்ணை விட்டு விரட்டிய முறை தவறு. அதற்கான விலையைக் கொடுத்ததும் ரசிகர்கள்தான்.

மெர்த்தர் கொடுத்த விலை வேறு வகை. 1995-96லிருந்து இங்கிலாந்து அமைப்பில் ஆடும் வெல்ஷ் கிளப்களுக்கு வெல்ஷ் கோப்பையில் இடமில்லை என்று ஆக்கினார்கள். ஐரோப்பாவின் கதவு மூடியது. அதே 1995ல் மெர்த்தர் கான்ஃபரன்ஸிலிருந்தும் இறங்கியது. மேலே இருந்த ஏணியும் பக்கத்தில் இருந்த கதவும் ஒரே ஆண்டில் போயின. இன்றைக்குக் கால்பந்து வரைபடத்தைப் பார்த்தால் இந்தக் கோட்டின் விசித்திரம் இன்னும் தெளிவாகத் தெரியும். வேல்ஸ் லீகின் நிரந்தரச் சாம்பியன் போல ஆகிவிட்ட தி நியூ செயின்ட்ஸ் ஆடும் மைதானம் இங்கிலாந்து மண்ணில், ஆஸ்வெஸ்ட்ரியில் இருக்கிறது. லான்சன்ட்ஃப்ரைட் என்ற வெல்ஷ் கிராமத்தில் பிறந்து, எல்லைக்கு அப்பாலுள்ள ஆஸ்வெஸ்ட்ரி டவுனோடு 2003ல் இணைந்த கிளப் அது. 2024ல் ஐரோப்பியப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் பிரதானச் சுற்றுக்கே போனது. இந்தப் பக்கம், வேல்ஸ் மண்ணுக்குள்ளேயே இருக்கும் மெர்த்தர் வாராவாரம் இங்கிலாந்து அணிகளோடு ஆடிக்கொண்டிருந்தது. ஐரோப்பா அதற்கு எட்டாக்கனி.

1995க்குப் பிந்தைய 15 ஆண்டுகள் கடனில் கரைந்தன. கிளப் தனியார் கையில் இருந்தது. வரவுக்கு மேல் செலவு. 2010ல் நீதிமன்றத்தில் கலைக்கப்பட்டது. 1934க்குப் பிறகு மெர்த்தரில் இரண்டாம் முறையாக ஒரு கால்பந்து கிளப் இறந்தது.

இந்த முறை வித்தியாசம் என்னவென்றால், ஊரில் தயாராக ஓர் அமைப்பு இருந்தது. ரசிகர்கள் முன்பே ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் மெர்த்தர் டவுன் என்ற பழைய பெயரிலேயே புதுக் கிளப்பைப் பதிவு செய்தார்கள். தண்டனையாக மூன்று படி கீழே, பத்தாம் நிலையான வெஸ்டர்ன் லீகின் அடிப் பிரிவில் தள்ளப்பட்டார்கள். பெனிடாரன் பார்க் உடனே கைக்கு வரவில்லை. முதல் பருவம் முழுக்க, பள்ளத்தாக்கில் தெற்கே இறங்கி டஃப்ஸ் வெல் என்ற கிராமத்தின் மைதானத்தில் ஆடினார்கள். 2011ல் அந்தப் பிரிவின் சாம்பியன். சொந்த மைதானத்துக்குத் திரும்பினார்கள். 2012ல் அடுத்த பிரிவின் சாம்பியன். 2015ல் இன்னொரு பட்டம், சதர்ன் லீகின் மேல் பிரிவுக்கு ஏற்றம்.

ரசிகர் உடைமை என்றால் நடைமுறையில் என்ன? ஆண்டுச் சந்தா கட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. பத்து பவுண்டு கொடுத்தவருக்கும் பத்தாயிரம் கொடுத்தவருக்கும் அதே ஒன்றுதான். இயக்குநர்களை அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எக்ஸெட்டர், விம்பிள்டன் போன்ற இடங்களில் ரசிகர்கள் இதே வழியில் கிளப்பை மீட்டு ஃபுட்பால் லீகில் வைத்திருக்கிறார்கள். இதற்கு எல்லையும் உண்டு. அவசரத்துக்கு லட்சங்களைக் கொட்ட ஆள் கிடையாது. ரெக்ஸமும் 2011லிருந்து ரசிகர்கள் கையில்தான் இருந்தது. 2020ல் நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் வந்து கேட்டபோது, வாக்களித்த உறுப்பினர்களில் 98.6 சதவீதம் பேர் விற்கச் சம்மதித்தார்கள். அதன் பிறகு ரெக்ஸம் தொடர்ந்து மூன்று பருவங்களில் மூன்று பிரிவு ஏறியது உலகத்துக்கே தெரியும். அவர்கள் முடிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு வாய்ப்பு எத்தனை சின்ன ஊர்களுக்கு வரும்? வராத ஊர்களுக்கு மெர்த்தரின் வழிதான் பாடம். வாக்குகளால் வெளியேற்றப்பட்ட ஒரு கிளப், தன் விஷயத்தில் முதல்முறையாகத் தானே வாக்களிக்கிறது.

கையில் பணமில்லாத கிளப்புக்கு வருமானம் எங்கிருந்து வரும்? பெனிடாரன் பார்க்கில் அவர்கள் போட்ட செயற்கைப் புல்தரை இதற்கான பதில்களில் ஒன்று. மழை கொட்டும் பள்ளத்தாக்கில் இயற்கைப் புல் குளிர்காலத்தில் சேறாகிவிடும். முதல் அணிக்கே அது தாங்காது. செயற்கைத் தரையை வாரம் முழுக்கப் பயன்படுத்தலாம். சிறுவர் அணிகளும் பெண்கள் அணியும் பயிற்சி எடுக்கலாம். வாடகைக்கு விடலாம். சனிக்கிழமை டிக்கெட்டை மட்டுமே நம்பி 1920களில் செத்த கிளப்புக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை காசு வரும் ஏற்பாடு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

2024-25 பருவத்தில் சதர்ன் லீகின் தெற்குப் பிரிவில் மெர்த்தர் முதலிடம் பிடித்து ஆறாம் நிலைக்கு ஏறியது. அங்கே வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவுகள். பூகோளக் கணக்கில் இந்தத் தெற்கு வேல்ஸ் அணி வடக்குப் பிரிவில் விழுந்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வட இங்கிலாந்துக்குப் பேருந்தில் மணிக்கணக்கான பயணம், அதற்கான டீசல் செலவு, வேலையிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டிய ஆட்டக்காரர்கள் என்று சுமை கூடியிருக்கிறது.

இங்கிருந்து ஃபுட்பால் லீகுக்கு இரண்டு படி. அங்கே இன்றைக்கும் செயற்கைத் தரைக்கு அனுமதி இல்லை. 2020ல் ஹாரோகேட்டும் 2021ல் சட்டனும் மேலே ஏறியபோது, நன்றாக இருந்த செயற்கைத் தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புல் போட வேண்டியிருந்தது. மெர்த்தரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், தன்னைக் காப்பாற்றிய வருமானத்தைத் தானே பெயர்த்தெடுப்பதா என்று உறுப்பினர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கும்.